கல் இல்லாத அரிசி

ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே அடுப்படி. என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே தொழிற்சாலையில் வேறு வேறு ஷிப்டில் வேலை பார்த்தார்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் சவுத் பரேடுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். சாலையின் பெயரை அதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள் என்றாலும் எங்கள் பக்கத்தில் யாரும் புதுப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கல்யாணம் ஆகி இரண்டாவது வருஷம்.

வார நாட்களில் சமையல் அக்காவுடையது. அதற்குப் பதிலாக, மளிகை வாங்கி வருவதும் ஒரு வாரத்துக்கு வேண்டிய அரிசி பருப்பைச் சுத்தம் செய்து வைப்பதும் என் பொறுப்பு. சொல்லக் கேட்டால் சின்ன வேலையாகத் தெரியும். அந்தக் காலத்து அரிசியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். கறுப்புக் கல், நெல், மண் உருண்டை, கோணி நார், சில சமயம் எலிப் புழுக்கை. எல்லாவற்றையும் விட மோசம் வெள்ளைக் கல். அரிசியின் நிறத்தில், அரிசியின் அளவிலேயே இருக்கும். அக்காவின் கணவருக்கு, என் மூத்தாருக்கு, அதைக் கடித்து ஒரு பல்லே உடைந்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி இருப்பேன். கணவர் கப்பன் பார்க்குக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனால் அரை நாள் போய்விடும். அவள் யாரையும் நம்ப மாட்டாள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். "மேல இருக்கறது நமக்குக் காட்டறதுக்கு. அடியில இருக்கறதுதான் நமக்குப் போடறதுக்கு" என்பாள் கடைக்காரர் காதுபடவே. மிளகை வாங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள்; மிதப்பது பப்பாளி விதை என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மிளகாய்த் தூளில் செங்கல் பொடி, காப்பித் தூளில் புளியங்கொட்டை, மஞ்சளில் சாயம் என்று அவளுக்கு எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று இருக்கும். பாலைக்கூடப் பாத்திரத்தில் கொண்டுவர விட மாட்டாள். பால்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டி வந்து, அவள் கண் எதிரில்தான் கறக்க வேண்டும். கறப்பதற்கு முன் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள்.

எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. ஊரில் எல்லோரும் விஷம் வைப்பதற்காகவே கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று நினைப்பேன்.

அந்த மழைக்காலத்தில்தான் மெயின் ரோடு மளிகைக் கடையில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'கல் பொறுக்க வேண்டாம். களைய வேண்டாம். அப்படியே உலையில் போடலாம்.' அதன் கீழே பழுப்பு நிறக் காகிதப் பைகளில் அரிசி அடுக்கியிருந்தது. பையின் வாயைச் சணலால் தைத்திருந்தார்கள். விலை சாதாரண அரிசியை விடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆபீசிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு நான் ஒரு பை வாங்கினேன்.

வீட்டில் தட்டில் கொட்டிப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. ஒரு நெல் இல்லை. மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"யாரு பொறுக்கினாங்களாம்?"

"அவங்க ஆளுங்க இருக்காங்களாம் அக்கா."

"எங்க வச்சுப் பொறுக்கறாங்களாம்?"

"அதெல்லாம் நான் எதுக்குக் கேக்கணும்?"

"இத்தினி வேலையையும் செஞ்சிட்டு இந்த வெலைக்கு எப்படிக் குடுக்கறான்?" அவள் அரிசியைத் தொடவில்லை. "ஒருத்தன் நம்ம வேலைய சுளுவா ஆக்கறேன்னு வந்தா, அவனுக்கு இன்னா ஆதாயம்னு பாக்கணும்."

அவளுக்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் ஆபீஸ் போவதும், கணவரோடு பார்க்குக்குப் போவதும் பிடிக்கவில்லை. அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அதனால்தான் மனசு இப்படிச் சுருங்கிப் போயிருக்கிறது. இப்படியெல்லாம் நானே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஆனாலும் அரிசி வந்துகொண்டிருந்தது. பலகையில் களைய வேண்டாம் என்று எழுதியிருந்தாலும், அக்கா வழக்கம்போல மூன்று தண்ணீர் விட்டுக் களைந்துதான் உலையில் போட்டாள். நான் சிரித்தேன். "தண்ணிக்குக் குழாயடியில நின்னு புடிச்சிட்டு வரது நான்தானே, உனக்கு இன்னா?" என்றாள். மற்றவர்கள் அதைச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். பச்சரிசியோ புழுங்கலரிசியோ, பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போய் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொள்ளும். முன்பெல்லாம் கல்லுக்குப் பயந்து கொஞ்சமாகத் தின்பேன். இப்போது பயமில்லை. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிடி. ஆபீஸ் போகும்போது கைக்குட்டையில் கொஞ்சம் முடிந்துகொண்டும் போவேன். லேசாக ஒரு பழைய கோணி வாடை அடித்தது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

அரிசி களைந்த தண்ணீரைப் பால்காரருக்கு ஒரு வாளியில் எடுத்து வைப்பது வழக்கம். பசு அதற்காகவே வாசலில் வந்து நின்று தலையை நீட்டும். ஒரு நாள் காலையில் அது வாளிக்குள் மூக்கை விட்டதும் புஸ்ஸென்று மூச்சு விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பால்காரர் தட்டிக்கொடுத்தார், வாளியை அருகில் தள்ளினார். அது ஓர் அடி பின்னால் போனது.

"என்னம்மா கலந்தீங்க இதுல? சோப்புத் தண்ணி ஊத்திட்டீங்களா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க எதுக்குய்யா கலக்கறோம்? கலக்கறது உங்க வேலை."

"என் மாடு பொய் சொல்லாதும்மா. ரெண்டு நாளாவே இப்படித்தான் பண்ணுது."

அன்றிலிருந்து அவர் எங்கள் வாளியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பக்கத்து வீடுகளிலும் சொல்லியிருக்கிறார் போல. அவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அக்கா வாளியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வேலைக்காரி வைக்காத வீட்டில் வாளியில் யார் என்ன போட்டிருப்பார்கள் என்று என்னையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

தலைவலி எனக்கு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மத்தியானம் ஆனால் நெற்றிப்பொட்டில் இடிக்கும். வாந்தி வருவதுபோலத் தொண்டை வரை வந்து நிற்கும். ஒரு நாள் கடிதம் ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது விரல்கள் தப்பு எழுத்தில் விழுந்தன. கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் நுனிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. காகிதத்தை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு காகிதம் மாட்டினேன். மறுபடியும் தப்பு.

பக்கத்து மெஷினில் உட்காரும் ஆங்கிலோ இந்தியப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைக்குட்டையில் அரிசி இருப்பதையும் பார்த்துவிட்டாள். குனிந்து என் காதில், "ஏய், குட் நியூஸா? எங்க அம்மா கூட என்னை வயித்துல வச்சிட்டு இருக்கும்போது அரிசிதான் தின்னாங்களாம்" என்றாள்.

எனக்கு நாளும் தள்ளிப் போயிருந்தது. ஏன் இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று இருந்தது.

கணவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், பிரேசர் டவுன் பேக்கரியிலிருந்து ஒரு பை நிறைய பன்னும், எங்கிருந்தோ இரண்டு மாங்காயும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பருவத்தில் மாங்காய் எங்கே கிடைத்ததென்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மூத்தார் கூச்சத்தோடு சிரித்தார். அக்கா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கை நடுங்குதுன்னியே. மசக்கைக்குக் கை நடுங்குமா?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி இருக்குமாம் அக்கா."

"இருக்கலாம்" என்றாள். "எனக்கு என்னமோ சரியாப் படல."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. கணவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. அன்று அறைக்குள் போனதும் அவர் மெதுவாக, "அண்ணிக்கு மனசுக்குள்ள இருக்கும். நீ ஜாக்கிரதையா இரு" என்றார். எதைப் பற்றி ஜாக்கிரதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு அவள் செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. எனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் ரசம் எடுத்து வைத்தாள், ஏன் தனியாக? கஷாயம் ஒன்று கொதிக்க வைத்து, "தலவலிக்கு நல்லது, குடி" என்று நின்றாள். நான் குடிக்கும் வரை ஏன் நிற்க வேண்டும்? சாப்பிட்ட பிறகுதான் குமட்டல் அதிகமாகிறது என்று எனக்குப் பட்டது. கஷாயத்தை அவள் திரும்பியதும் சாக்கடையில் ஊற்றினேன். பசிக்கவில்லை என்று சொல்லிச் சோற்றையும் குழம்பையும் தள்ளி வைத்தேன். பசியெடுத்தால் பன் தின்பேன், இல்லாவிட்டால் அரிசி டப்பாவைத் திறப்பேன். யார் கையும் படாதது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். சணலால் தைத்த பையை நானே பிரித்து, நானே கொட்டி வைத்த அரிசி.

நாளுக்கு நாள் உடம்பு மோசமாகிக்கொண்டே வந்தது. நடக்கும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணெதிரே பஸ் நம்பர் இரண்டாகத் தெரிந்தது.

பிறகு ஒரு காலை, ஆபீசில் வைத்தே எல்லாம் முடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வழக்கமாக வருவதுதான், தாமதமாக வந்திருந்தது. கர்ப்பம் என்று ஒன்று இருக்கவேயில்லை. பக்கத்து மெஷின்காரி ஜட்கா பிடித்து என்னை வீட்டுக்கு அனுப்பினாள். குதிரை போகும் ஆட்டத்தில் நான் வழியெல்லாம் அழுதேன். இல்லாத குழந்தைக்காக அழுவது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

வாசலில் அக்கா. என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். இவள் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று நான் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. ஜட்காக்காரரைப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட போலாம். அது போனா போவட்டும். இந்தக் கை நடுக்கம் இன்னான்னு கேக்கணும்."

பிரேசர் டவுனில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். நாக்கைப் பார்த்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல்களுக்கு மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது.

"மண்ணு, சாம்பல், சாக்பீஸ் ஏதாவது சாப்பிடற பழக்கம் உண்டா?"

"அரிசி மட்டும்தான் டாக்டர்."

"ரத்தம் கம்மியா இருந்தா அப்படித்தான் தோணும். ஆனா நடுக்கத்துக்கு அது காரணம் இல்ல." அவருக்கும் ஏதோ பிடிபடாமல் இருந்தது தெரிந்தது. டானிக் எழுதிக்கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எந்த அரிசி?"

"என்னது?"

"எந்த அரிசியத் தின்னே? டப்பால இருக்கறதா? பச்சையா, களையாமயா?"

"களைஞ்சா எப்படி அக்கா திங்கறது?"

அவள் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்தாள். கையை அடி வரை விட்டு ஒரு பிடி எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இந்த மழையில நம்ம பருப்புல வண்டு இருக்குது. ரவையில புழு இருக்குது. இதுல ஒண்ணுமே இல்ல பாத்தியா? நாங்க எல்லாம் களைஞ்சதத் தின்னோம். களைஞ்ச தண்ணிய மாடு தொடல. களையாததத் தின்னவ நீ ஒருத்திதான்."

உள்ளங்கைகளுக்கு நடுவே அரிசியைத் தேய்த்தாள். கை ரேகைகளில் வெள்ளையாக ஒரு மாவு ஒட்டியது. பார்க்க அரிசி மாவு மாதிரிதான் இருந்தது.

"இந்த வாடைய எங்கியோ பாத்திருக்கேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கே என்று நினைவுக்கு வரவில்லை. அந்த டப்பாவை இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறை மூலையில் வைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் அரை நாள். அக்கா எனக்காகவே காத்திருந்தாள். கடைக்குச் சரக்கு கொண்டுவரும் கைவண்டி பைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நேரம். நாங்கள் இருவரும் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு, சும்மா போகிறவர்களைப் போல அதன் பின்னாலேயே நடந்தோம். இரண்டு தெரு தாண்டி, ஒரு பெரிய சாக்கடையை ஒட்டிய சந்தில் வண்டி நின்றது. தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. ஜன்னல் கிடையாது. கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவர்கள் சுத்தம் செய்த அரிசி தார்ப்பாயில் மலைபோலக் குவிந்திருந்தது. ஒருவர் மூடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவை ஆட்டி ஆட்டி அதன் மேல் வெள்ளைப் பொடி தூவினார். இன்னொருவர் மண்வாரியால் புரட்டிப் புரட்டிக் கலந்தார். கலந்த அரிசி பழுப்புப் பைக்குள் போனது.

வாடை எங்கள் முகத்தில் அடித்தது. அக்கா என் தோளைப் பிடித்தாள்.

"மூட்டப்பூச்சி! கட்டில் இடுக்குல போடுவோமே, அந்தப் பொடிடீ இது."

கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். எங்களை விட வயதில் பெரியவள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்தாள். அக்கா அவளிடம் அந்தப் பொடி என்ன என்று கேட்டாள்.

"வண்டு வராம இருக்கறதுக்கும்மா. பை ரொம்ப நாளு கடையில நிக்கணுமில்ல?" கன்னடம் கலந்த தமிழ். "உங்களுக்கு இன்னா பேக்கு, இன்னா வேணும்?"

"உங்களுக்கு ஒடம்பு ஒண்ணும் பண்ணலியா?"

அவள் யோசித்தாள். "மத்தியானம் ஆனா தலெ நோவு. எல்லாருக்கும்தான். கை சும்னே, சும்மாவே நடுங்குது. காத்து இல்ல, அதான்னு மேஸ்திரி சொல்றாரு." கையை நீட்டிக் காட்டினாள். நானும் என் கையை நீட்டினேன். இரண்டு கைகளும் ஒரே மாதிரி ஆடின. அவள் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை அவிழ்த்து, அதில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டி ஒரு காகிதத்தில் மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனோம். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "வாங்கம்மா, அரிசியா?" என்றார்.

"ஆமா, அரிசிதான்" என்றாள் அக்கா. அடுக்கிலிருந்து ஒரு பையை எடுத்துச் சணலைப் பிரித்துக் கல்லாப் பலகை மேல் கொஞ்சம் கொட்டினாள். "இதுல இன்னா பொடி போடறீங்க?"

கடைக்காரர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பொடியா? சுத்தமான அரிசிம்மா. ஒரு கல்லு காட்டுங்க பாக்கலாம்."

"கல்லு இல்லீங்க. கல்லு இருந்தா துப்பிட்டுப் போயிருப்போம். கிடங்கப் பாத்துட்டுத்தான் வரோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுவா? அது வண்டுக்கு. மருந்து விக்கற ஏஜெண்டு வந்து சொன்னாரும்மா, மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நான் என்ன, வேணும்னேவா செய்வேன்?"

"ஒண்ணும் ஆகாது. சரி." அக்கா ஒரு பிடி அரிசியை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். "பலகையில அப்படியே உலையில போடலாம்னு எழுதியிருக்கீங்க. நீங்க அப்படியே வாயில போடுங்க. இவ அப்படித்தான் தின்னா."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வாங்கிக்கொள்வதற்காக அவர் கை நீண்டது. அரிசியை வாங்கினார், வாய் வரைக்கும் கொண்டு போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அரிசியை மெதுவாகப் பலகை மேல் திரும்ப வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நின்றிருந்தவர்களில் ஒருவர் ஏற்கெனவே வாங்கிய பையைச் சத்தமில்லாமல் திரும்ப அடுக்கில் வைத்தார்.

காகிதத்தில் இருந்த பொடியை லேடி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். "இதையா சாப்பிடற அரிசில போடறாங்க?" கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவுக்கு அவரே சொல்லியனுப்பினார். ஓர் ஆள் வந்து புட்டியில் அரிசி எடுத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். அதிலிருந்து என்ன வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பலகை மட்டும் கடையிலிருந்து காணாமல் போனது. கடை அப்படியேதான் இருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் பார்ப்பார்.

என் கை நடுக்கம் அடங்க வெகு நாளாயிற்று. அந்த நாட்களில் அக்கா வைத்த ரசத்தையும் கஷாயத்தையும் முழுக்கக் குடித்தேன். ஒரு நாள் கஷாயத்தைக் குடித்து முடித்துவிட்டு அவளிடம் எதையோ சொல்ல வாயெடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தெரியும்" என்றாள் அவள், டம்ளரை வாங்கிக்கொண்டே. "சாக்கடையில கஷாய வாடை அடிச்சுதே, எனக்கு மூக்கு இல்லியா? சரி, நான் மட்டும் உன்னச் சந்தேகப்படலியா? வாளியில நீதான் சோப்புத் தண்ணி ஊத்திட்டேன்னு ரெண்டு நாளு நெனச்சேன்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "குழந்தைன்னு நீ சொன்னப்ப எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அதான் பயந்தேன். எனக்கும் ஒரு தடவை இப்படி வந்து இல்லன்னு ஆயிருக்குது" என்றாள். டம்ளரைக் கழுவக் கொண்டுபோனாள்.

மறுபடி முறம் என் மடிக்கு வந்தது. மறுபடி ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கணவர் சட்டையை மாட்டுவதையே விட்டுவிட்டார். அப்படி ஒரு மாதம் போனபோது, கிடங்கில் பார்த்த அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கிடங்கு வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். வீடுகளில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டாள். எங்கள் அரிசியையும், அக்கம் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் அரிசியையும் எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து அவள் சுத்தம் செய்து கொடுப்பது என்று பேசி முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

முதல் நாள் அவள் வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். அக்கா ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். முறம் ஏறி இறங்கும்போதெல்லாம் அக்காவின் கண்ணும் ஏறி இறங்கியது. அந்தப் பெண்ணின் கை முந்தானைக்கு எதற்குப் போனது, தரையில் சிந்தியதை எங்கே தள்ளுகிறாள் என்று எதையும் விடவில்லை. அந்தப் பெண்ணும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் டம்ளரைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்து, "நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்கம்மா" என்றாள்.

அக்கா அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.